பூட்ட வேண்டியது கணினி அறையையா?



இது நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். குறிப்பாக, இரண்டு வாரங்களுக்கு முன் வட்ஸ்அப்பில் சுற்றிய அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் மாணவனைப் பற்றி ஏதாவது சொன்னவர்கள், சொல்லக் கேட்டவர்கள், கேட்டதை அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்பியவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

"நாங்கள்" என்று இங்கே எழுதுவது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மூவர். கூட்டத்தில் எங்களுக்குப் பேச ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. அந்த ஐந்து நிமிடத்திலும் மூன்று பேர் குறுக்கிட்டார்கள். ஆகவே சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன், இடைவேளையில் தன் நண்பனின் சாதாரண தரப் பெறுபேற்றுப் பக்கத்தைத் தன்னுடைய லெப்டொப்பில் திறந்தான். கணிதத்துக்கு இருந்த எஸ் சித்தியை ஏ சித்தியாக மாற்றிக் காட்டினான். சிரித்தார்கள். நண்பன் அதை ஃபோனில் படம் பிடித்துத் தன் குடும்பக் குழுவில் போட்டான். மஃரிபுக்குள் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. இஷாவுக்குப் பிறகு ஒரு குரல் பதிவு வந்தது: "நம்மட ஸ்கூல் புள்ள ஒண்டு பரீட்சைத் திணைக்களத்துக் கொம்பியூட்டருக்குள்ள பூந்து மார்க்ஸ மாத்திட்டானாம்."

அடுத்த கிழமை கூட்டம் கூடியது. மூன்று முடிவுகள். கணினி அறை தவணை முடியும் வரை பூட்டப்படும். பாடசாலை முடிந்த பின் நாங்கள் நடத்திய புரோகிராமிங் வகுப்பு நிறுத்தப்படும். அந்த மாணவன் இனிப் பாடசாலைக் கணினியைத் தொடக்கூடாது. அவனுடைய வாப்பா லெப்டொப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவனுடைய உம்மா எங்களில் ஒருவருக்குக் கோல் எடுத்து அழுதுகொண்டே கேட்ட கேள்வி: "சேர், எண்ட புள்ளயப் பொலிஸ் புடிக்குமா?"

இல்லை ராத்தா, பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பதை ஊருக்கும் சேர்த்தே விளக்குகிறோம்.

ஓர் இணையப் பக்கம் எங்கோ இருக்கும் சேர்வர் ஒன்றில் இருக்கிறது. நீங்கள் முகவரியை அடித்ததும், அந்த சேர்வர் பக்கத்தின் பிரதி ஒன்றை உங்கள் ஃபோனுக்கோ கணினிக்கோ அனுப்பிவிடுகிறது. உங்கள் பிரவுசர் அந்தப் பிரதியை வைத்துத்தான் திரையில் எழுத்தையும் படத்தையும் வரைகிறது. வந்து சேர்ந்த பிரதி உங்களிடம் இருக்கிறது. அதிலே எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், ஒரு பகுதியை மறைக்கலாம், ஒரு சொல்லை அழித்து வேறு சொல் எழுதலாம். சேர்வரில் இருப்பது அப்படியே இருக்கும். பக்கத்தை மறுபடி திறந்தால் பழைய எஸ் திரும்ப வந்து நிற்கும்.

காலையில் வாங்கிய பத்திரிகையில் அமைச்சரின் படத்துக்கு உங்கள் பிள்ளை பேனையால் மீசை வரைகிறது என்று வையுங்கள். அச்சகத்தில் எதுவும் மாறுவதில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த பத்திரிகையிலும் மீசை முளைப்பதில்லை. எங்கள் மாணவன் செய்தது அவ்வளவுதான்.

இதற்கு இரகசிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. கணினியில் குரோமோ ஃபயர்பொக்ஸோ திறந்து எஃப் 12 பொத்தானை அழுத்துங்கள். பக்கத்தின் உள்ளமைப்பு முழுவதும் ஓரத்தில் விரியும். அந்த வசதியை பிரவுசரோடு சேர்த்துக் கொடுத்தவர்கள் அதைத் தயாரித்த நிறுவனங்களே. கள்ளச் சாவி என்றால் அதைக் கதவோடு சேர்த்து யார் விற்பார்கள்?

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள், அல்லது அதிலுள்ள தகவலுக்குள் நுழைவதை அது குற்றமாக்குகிறது. எங்கள் மாணவன் யாருடைய கணினிக்குள்ளும் நுழையவில்லை. தன் லெப்டொப்பில், தனக்கு வந்த பிரதியில் கை வைத்தான். கூட்டத்தில் சட்டம் பேசிய சகோதரர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். அந்த எஸ், ஏ விளையாட்டு ஒரு நிமிட வேலை. அவன் உண்மையில் இரண்டு தவணைகளாக எங்களோடு உட்கார்ந்து செய்த வேலையைக் கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. அதற்குப் பெயர் யூசர் ஸ்கிரிப்ட்.

எஃப் 12 அழுத்திக் கையால் செய்யும் மாற்றம் பக்கத்தை மூடியதும் போய்விடும். அதே மாற்றத்தை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பத்து, இருபது வரிகளாக எழுதி வைத்துவிட்டால், அந்தத் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் பிரவுசர் தானாகவே செய்துவிடும். எந்த முகவரியில் ஓட வேண்டும் என்பதை ஸ்கிரிப்டின் தலைப்பிலேயே எழுத வேண்டும். வேறு தளங்களில் அது ஓடாது.

இது நேற்று முளைத்த காரியமும் இல்லை. 2004இன் கடைசியில் ஏரன் பூட்மன் என்பவர் ஃபயர்பொக்ஸுக்காக க்ரீஸ்மங்கி என்ற நீட்சியை வெளியிட்டார். சாதாரண மனிதர் எழுதும் சிறிய ஸ்கிரிப்டுகளை பிரவுசரில் ஓடவைப்பதுதான் அதன் வேலை. அவரைக் கள்ளன் என்று யாரும் பிடிக்கவில்லை. பின்னர் அவர் கூகுளில் வேலை செய்தார்; குரோமின் நீட்சி முறைமையில் பங்களித்தவர்களில் அவரும் ஒருவர். 2010இல் குரோமும் யூசர் ஸ்கிரிப்டுகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. இன்று டெம்பர்மங்கி, வயலண்ட்மங்கி போன்ற நீட்சிகளை உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போவோம். இணையப் பக்கங்களின் தோற்றத்தை நிர்ணயிக்கும் சீஎஸ்எஸ் என்ற தரநிலை 1996 டிசம்பரில் வெளிவந்தது. பக்கத்தை எழுதியவர் மட்டுமல்லாமல் வாசிப்பவரும் தனக்கேற்ற தோற்ற விதிகளைக் கொடுக்கலாம் என்று அந்த முதற் பதிப்பிலேயே இடம் வைத்திருந்தார்கள். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. வாசகர் "இது முக்கியம்" என்று குறித்த விதி, எழுதியவருடைய விதியையும் மேவும் என்றது. பார்வை குறைந்தவர் பெரிய எழுத்தில் வாசிக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான். ஆகவே "தளம் அவருடையது, அதை நம் இஷ்டத்துக்கு மாற்ற நமக்கு என்ன உரிமை" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: சேர்வரில் இருப்பது அவருடையது. உங்கள் திரையில் அது எப்படித் தெரிய வேண்டும் என்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. இணையத்தை அமைத்தவர்களே அந்தப் பங்கை உங்களுக்கு வைத்துத்தான் அமைத்தார்கள்.

சரி, எங்கள் மாணவன் என்ன எழுதினான்?

ஒன்று, பாமினி. நம் நாட்டில் தமிழ் ஆவணம் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. பழைய வினாத்தாள்கள், பாடக் குறிப்புகள், கட்டுரைகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். "தமிழ்" என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். பிள்ளைகள் தளம் பழுது என்று மூடிவிடுவார்கள். தேடினால் கூகுளும் கண்டுபிடிக்காது.

இவன் அந்தப் பக்கங்களைத் திறந்தவுடனேயே யூனிகோடாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினான். கேட்க இலகுவாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். பாமினியில் "கொ" என்று எழுத மூன்று விசைகள்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும், உயிர்க்குறி அதன் பின்னால் ஒரே எழுத்தாக வர வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு தனியாக முன்னால் நின்று சொல்லே உடைந்துவிடும். அவனுடைய முதல் ஸ்கிரிப்டில் அப்படித்தான் உடைந்தது. மூன்று விசைச் சேர்க்கைகளை முதலில் மாற்று, பிறகு இரண்டு, கடைசியாகத் தனி எழுத்து என்ற ஒழுங்கை அவனாகவே கண்டுபிடிக்க ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளில் தமிழ் எழுத்து எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அவன் படித்த அளவு நாங்கள் கரும்பலகையில் ஒரு வருடம் எழுதினாலும் படிப்பிக்க முடியாது.

இரண்டு, யூடியூப். வகுப்பில் ப்ரொஜெக்டரில் ஒரு விஞ்ஞானப் பாடத்தைப் போட்டால், ஓரத்தில் எந்த வீடியோவின் படம் வந்து நிற்கும் என்று ஆசிரியருக்கே தெரியாது. பெண் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் பல தடவை நாங்கள் ஓடிப்போய் ப்ரொஜெக்டரின் முன்னால் நின்றிருக்கிறோம். ஓரப் பட்டியலையும் கீழேயுள்ள கருத்துகளையும் மறைத்து, வீடியோவை மட்டும் விடும் ஸ்கிரிப்டை அவன் எழுதினான். பிள்ளைகள் இணையத்தில் கெட்டுப்போகிறார்கள் என்று கூட்டத்தில் கவலைப்பட்ட பெரியவர்களே, அந்தக் கவலைக்கு இந்த ஊரில் செயலில் பதில் சொன்ன ஒரே ஆள் நீங்கள் தண்டித்த அந்தப் பிள்ளைதான்.

மூன்றாவதைச் சொல்லும்போது எங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. எங்கள் பாடசாலையில் பார்வை குறைந்த மாணவி ஒருவர் இருக்கிறார். பாடங்கள் வரும் தளம் ஒன்றில் எழுத்துகள் மெல்லிய சாம்பல் நிறத்தில், வெள்ளைப் பின்னணியில் இருக்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது சர்வதேச அணுகல் வழிகாட்டி. அந்தத் தளத்தில் அது இல்லை. நாங்கள் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. இவன் பதினெட்டு வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். எழுத்து கறுப்பாகி, பெரிதாகி, வரிகளுக்கிடையே இடைவெளி கூடியது. அந்த மாணவி முதல் தடவையாக யாரும் வாசித்துக் காட்டாமல் ஒரு பாடத்தைத் தானே வாசித்து முடித்தார்.

அந்த ஸ்கிரிப்ட் இருப்பது கணினி அறையில் ஜன்னலோரமுள்ள கணினியில். அந்த அறையின் கதவில் இப்போது நீங்கள் போட்ட பூட்டுத் தொங்குகிறது.

இனி, கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கு வருகிறோம்.

"இன்றைக்குத் திரையில் மாற்றுகிறவன் நாளைக்கு வங்கிக்குள் நுழைவான்" என்றார் ஒரு ஹாஜியார். மரியாதையோடு கேட்கிறோம், ஹாஜியார். கத்தி பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் கொலைகாரன் என்றால் கடையில் இறைச்சி வெட்டுபவரை என்ன செய்வது? பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் ஏமாற்றுக்காரனின் போலிப் பக்கத்தை அடையாளம் காணும். தெரியாத பிள்ளை கடவுச்சொல்லை அடித்துவிட்டு வரும்.

"இதிலே ஆபத்தே இல்லையா?" என்று ஒரு தாய் கேட்டார். இருக்கிறது. இதை மறைத்தால் நாங்கள் ஆசிரியர்களாக இருக்கத் தகுதியில்லை. நீங்கள் ஒரு தளத்தில் உள்நுழைந்திருக்கும்போது அங்கே ஓடும் ஸ்கிரிப்ட், நீங்கள் பார்ப்பதையெல்லாம் பார்க்கும், நீங்கள் அழுத்தக்கூடிய பொத்தான்களை அதுவும் அழுத்தும். பிறர் எழுதிய ஸ்கிரிப்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது, வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பது போன்றது. கணினியில் பேஸ்புக்கைத் திறந்து, எஃப் 12 அழுத்தி, கொன்சோல் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். "நிறுத்துங்கள்" என்று பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும். "இதை இங்கே ஒட்டினால் மற்றவரின் கணக்கைத் திறக்கலாம்" என்று ஆசை காட்டி, ஒட்டியவரின் கணக்கையே பிடித்துக்கொள்ளும் கள்ளர்களுக்காகத்தான் அந்த எச்சரிக்கை.

2018இல் ஸ்டைலிஷ் என்ற பிரபலமான நீட்சிக்கு என்ன நடந்தது? தளங்களின் தோற்றத்தை மாற்றுவதுதான் அதன் வேலை. ஆனால் அது பாவனையாளர்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போகிறார்கள் என்ற முழு விபரத்தையும் தன் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அம்பலமானது. ஃபயர்பொக்ஸும் குரோமும் அந்த ஜூலையில் அதைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்தன. அப்போது அதைக் கண்டுபிடித்தவர் யார்? தன் பிரவுசர் என்ன அனுப்புகிறது என்று திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு புரோகிராமர். அறையைப் பூட்டியவர்கள் இப்படியானதைக் கண்டுபிடிப்பதில்லை.

எங்கள் வகுப்பின் ஒழுங்குகளைக் கேட்டிருந்தால் கூட்டத்திலேயே சொல்லியிருப்போம். முழுவதும் வாசித்து விளங்காத ஸ்கிரிப்டைப் போடக்கூடாது. எல்லாத் தளத்திலும் ஓடுவேன் என்று தலைப்பில் எழுதியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். வாசிக்க முடியாதபடி குழப்பி எழுதியதைத் தொடவே கூடாது. ஸ்கிரிப்டுகளைப் பகிரும் கிரீஸி ஃபோர்க் தளமே அப்படிக் குழப்பி எழுதியவற்றைத் தடை செய்கிறது. வங்கி, மின்னஞ்சல், புள்ளிகள் பதியும் தளம், இவற்றில் எந்த ஸ்கிரிப்டும் வேண்டாம். ஒன்லைன் பரீட்சையில் விடை தேட, காசு கொடுத்து வாசிக்க வேண்டியதைக் களவாக வாசிக்க, ஒருவரைத் தொல்லைப்படுத்தப் பாவித்தால் வகுப்பிலிருந்து நீக்கம். அறிவும் ஓர் அமானிதம் என்று அவர்களுக்குச் சொல்லித்தான் கணினியைத் திறக்கிறோம்.

அப்படியென்றால் அந்தப் பிள்ளையில் பிழையே இல்லையா? உண்டு. பொய்யான பெறுபேற்றைத் திரையில் வைத்துவிட்டு நண்பன் படம் எடுக்கும்போது சும்மா நின்றான். திரையிலே மாற்றிப் பார்ப்பது வேறு, அதைப் படமாக்கி உண்மை போல வெளியே விடுவது வேறு. இரண்டாவது பொய். அந்தப் படத்தை வைத்து யாராவது வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பித்திருந்தால் அது போலி ஆவணம், பெரிய குற்றம். இதை அவனிடம் முகத்துக்கு நேரே சொன்னோம். அவன் அழுதான், மன்னிப்புக் கடிதமும் எழுதினான். அந்தப் பொய்க்கு என்ன தண்டனை பொருத்தமோ கொடுங்கள். நாங்கள் தடுக்கவில்லை. பொய்க்குக் கொடுக்க வேண்டிய தண்டனையை அறிவுக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அது எங்கள் எல்லோருக்கும். அவன் ஒரு நிமிடம் செய்த பொய்யை ஒரு மாலைக்குள் ஊர் முழுக்கக் கொண்டுபோனது யார்? சரிதானா என்று கேட்க ஒருவராவது பெறுபேற்றுத் தளத்தைத் திறந்து அந்தச் சுட்டெண்ணை அடித்துப் பார்த்தோமா? பார்த்திருந்தால் பத்து வினாடியில் எஸ் என்று தெரிந்திருக்கும். படத்தை நம்பினோம், மூலத்தைப் பார்க்கவில்லை.

இந்த நாட்டில் இதன் விலை என்னவென்று நம் சமூகத்துக்கா சொல்லித்தர வேண்டும்? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்ற பொய் பரவியது. ஒரு வீடியோவைக் காட்டிக் காட்டியே பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் திகனை, கண்டி. அந்த வன்முறையில் தன் தளம் பாவிக்கப்பட்டதற்காக 2020இல் பேஸ்புக்கே வருத்தம் தெரிவித்தது. பொய்ப் படத்தால் எரிந்த சமூகம், ஒரு படத்தைப் பார்த்துத் தன் சொந்தப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கலாமா?

நம் கடைக்காரர்களையும் கேட்கிறோம். "காசு போட்டாச்சு" என்று ஃபோனில் வங்கிப் பற்றுச்சீட்டின் படத்தைக் காட்டினால் பொருளைக் கொடுத்துவிடுகிறீர்கள் அல்லவா? எங்கள் மாணவன் எஸ்ஸை ஏ ஆக்கியது போலத்தான் ஐந்நூறை ஐயாயிரம் ஆக்குவதும். உங்கள் கணக்கில் காசு விழுந்ததா என்று பார்க்காமல் படத்தை நம்பாதீர்கள். இந்த ஒரு பாடத்தை ஊர் கற்றுக்கொண்டால், நடந்ததில் ஒரு நன்மையாவது மிஞ்சும்.

எங்கள் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கணினி அறையை இந்த வாரமே திறவுங்கள். முழு அறைக்கும் மனம் வராவிட்டால், முதலில் அந்த மாணவிக்காக ஜன்னலோரக் கணினியையாவது திறந்து கொடுங்கள். புரோகிராமிங் வகுப்பைத் தொடர அனுமதியுங்கள். விரும்பும் பெற்றோர் யாரும் முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பின்வரிசையில் உட்காரலாம். குரல் பதிவு போட்ட சகோதரர் இன்னொரு குரல் பதிவில் அதைத் திருத்த வேண்டும். முதலாவது எத்தனை குழுக்களுக்குப் போனதோ அத்தனைக்கும் இரண்டாவதும் போக வேண்டும்.

நாங்களும் ஒன்று செய்கிறோம். அடுத்த சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, இடம் தந்தால் பாடசாலை மண்டபத்தில், தராவிட்டால் எங்களில் ஒருவரின் வீட்டு முற்றத்தில், பெற்றோர்களுக்கு ஒரு மணித்தியால விளக்கம் நடத்துவோம். உங்கள் கண் முன்னாலேயே ஒரு பக்கத்தை மாற்றிக் காட்டி, மறுபடி திறந்து பழையது வருவதையும் காட்டுவோம். கணினி இல்லாதவர்கள் ஃபோனைக் கொண்டுவாருங்கள். அன்ட்ரொய்ட் ஃபோனில் ஃபயர்பொக்ஸ் இருந்தால் நீட்சிகளைப் போடலாம். வீட்டில் பிள்ளைக்கு யூடியூபின் ஓரப் பட்டியலை எப்படி மறைப்பது என்று அங்கேயே செய்து தருகிறோம். ஸ்கிரிப்டை வரிக்கு வரி வாசித்துக் காட்டிய பிறகுதான் போடுவோம்.

அந்த மாணவனின் வாப்பாவுக்கு ஒரு வார்த்தை. நாநா, உங்கள் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. ஊர் வாய்க்குப் பயந்து பூட்டினீர்கள். ஆனால் உயர்தரப் பரீட்சைக்கு அவனுக்கு மாதங்கள்தான் இருக்கின்றன, அவனுடைய செயற்றிட்டம் முழுவதும் அந்த லெப்டொப்பில் இருக்கிறது. அலுமாரியைத் திறந்து அவன் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எழுதினதை எனக்குக் காட்டு மகன்" என்று ஒரு தடவை கேளுங்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும் குப்பை, உங்கள் கண் முன்னால் "தமிழ்" என்று மாறும். அதைப் பார்த்த பிறகும் அவனைக் கள்ளன் என்று உங்களுக்குத் தோன்றினால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

படத்தைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைக் கொடுப்பானாக. ஆமீன்.